பாதை திறந்த படைப் பொறியியலாளர்

போர் என்ற சொல்லைக் கேட்டதும் மக்கள் மனக்கண்ணில் எழுவது, படைக்கலம் ஏந்திப் பகைவர் மீது பாயும் வீரனுடைய தோற்றமே. அவ்வீரன் நடந்து சென்ற பாதையைச் செப்பனிட்டவன் யார், அவன் கடந்த ஆற்றின்மேல் பாலம் இட்டவன் யார், அவன் காலடியில் பகைவர் புதைத்த பொறியை முன்னரே கண்டு அகற்றியவன் யார் என்று கேட்போர் சிலரே. இக்குறை இன்று நேற்று ஏற்பட்டதன்று. கோட்டையை முற்றுகையிடுதலை உழிஞை என்றும், அதனைக் காத்தலை நொச்சி என்றும் வகுத்துப் பாடிய மரபு தமிழர் மரபு. மதுரை மாநகரின் மதில்மீது அமைந்திருந்த பலவகைப் பொறிகளைச் சிலப்பதிகாரம் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கூறுகின்றது. ஆயினும் அப்பொறிகளை ஆக்கியோர் பெயர்களை அது கூறவில்லை. கருவி நினைவில் நின்றது, கருவியாளன் மறக்கப்பட்டான்.

இரண்டாவது உலக மகாயுத்தத்தில் இவ்வாறு மறக்கப்படாமல் நின்ற பொறியியலாளர் ஒருவர் உண்டு. அவர் பிரேமிந்திர சிங் பகத். இந்தியத் தரைப்படையின் பொறியியற் பிரிவைச் சேர்ந்தவர். அவர் புகழுக்குக் காரணமாய் அமைந்தது 96 மணி நேரப் பணி. அந்த நான்கு நாட்களில் அவர் பகைவர் கோட்டை எதனையும் பிடிக்கவில்லை. பகைவரைக் கொன்று குவிக்கவுமில்லை. அவர் செய்ததெல்லாம் பாதை திறந்தது ஒன்றே. அதுவே வீரத்திற்குரிய மிக உயர்ந்த விருதைப் பெறத் தகுந்த செயலாயிற்று. அஃது எவ்வாறு என்பதை ஆராய்வது வீரம் என்பதன் இயல்பை ஆராய்வதாகவும் அமையும்.

படைப் பொறியியலாளரைச் சப்பர் என்று அழைப்பது ஆங்கிலேயர் வழக்கம். கோட்டை மதிலை நோக்கி மறைவாகக் குழி தோண்டிச் செல்லும் தொழிலிலிருந்து பிறந்த பெயர் அது. பழைய இந்தியப் படையில் சென்னை, வங்காளம், பம்பாய் என்னும் மூன்று மாகாணங்களின் பெயரால் மூன்று சப்பர் அணிகள் இருந்தன. அவற்றுள் சென்னை அணி 1780ஆம் ஆண்டில் தோன்றியது. தமிழ் நாட்டு இளைஞர் பெருந்தொகையாகச் சேர்ந்து பணியாற்றிய அணி அது. இவ்வணிகளின் வேலை பலதிறப்பட்டது. பாதை வெட்டுதல், பாலம் கட்டுதல், கிணறு தோண்டிப் படைக்குத் தண்ணீர் தருதல், பகைவர் பயன்படுத்தக் கூடியவற்றைத் தகர்த்தல், பகைவர் வைத்த தடைகளை நீக்குதல் ஆகிய யாவும் அவர்கள் கடமையே. படை முன்னேறும்போது சப்பர் முதலிற் செல்ல வேண்டும். படை பின்வாங்கும்போது அவர் கடைசியாகத் திரும்ப வேண்டும். பகத்தின் போர்க்கால வாழ்வில் இவ்விரண்டும் மூன்று மாதங்களுக்குள்ளேயே நேர்ந்தன.

பகத் 1918ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆந் திகதி பிறந்தார். அவருடைய தந்தையாரும் ஒரு பொறியியலாளரே. ஐக்கிய மாகாண அரசாங்கத்தில் பணி புரிந்தவர். மைந்தர் சிறுவயதிலேயே தேராதூனில் உள்ள அரச இந்திய இராணுவக் கல்லூரியிற் சேர்ந்தார். பின்னர் அதே நகரில் 1932ஆம் ஆண்டில் திறக்கப்பட்டிருந்த இந்திய இராணுவ அகாதமியிற் பயின்று, 1939ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இரண்டாம் லெப்டினன்ற் பதவியுடன் வெளியேறினார். அவர் சேர்ந்தது பம்பாய்ச் சப்பர் அணி. அவர் பதவியேற்ற ஏழாவது வாரத்தில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது.

இங்கே ஒரு செய்தியை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். முதல் உலக மகாயுத்தத்தில் இந்திய வீரர் பல இலட்சம் பேர் போரிட்டனர். 1911ஆம் ஆண்டிலிருந்து விக்டோரியா சிலுவை என்னும் விருது இந்தியப் படையினருக்கும் உரியதாயிற்று. 1914ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டுப் போர்முனையில் குதாதாத் கான் என்னும் சிப்பாய் செய்த செயலுக்காக அது முதன்முதல் ஓர் இந்திய வீரருக்குக் கிடைத்தது. எனினும் அக்காலத்தில் இந்தியர் எத்துணை ஆற்றல் படைத்தவராயினும், ஆங்கில அதிகாரிகளுக்குச் சமமான பதவி அவர்களுக்கு எளிதில் திறந்துவிடப்படவில்லை. இந்தியர் வீரராகலாம், தலைவராதல் கூடுமோ என்ற ஐயம் ஆள்வோர் பலருடைய உள்ளத்தில் வெளிப்படையாகவே இருந்தது. தேராதூன் அகாதமியிற் பயின்று வெளிவந்த இளைஞர் தலைமுறை அந்த ஐயத்திற்கு விடையளிக்க வேண்டிய தலைமுறையாயிற்று. தாம் கேட்டுப் பெறாத அந்தத் தேர்வினைப் பகத் 22ஆவது வயதில் எழுத நேர்ந்தது.

தேர்வு நடந்த இடம் கிழக்காபிரிக்கா. அபிசீனியா என்று அக்காலத்தில் வழங்கிய எதியோப்பியாவை முசோலினியின் இத்தாலி 1935ஆம் ஆண்டில் தாக்கி, அடுத்த ஆண்டில் கைப்பற்றியது. பேரரசர் ஹைலி செலாசி நாடிழந்து, சர்வதேச சங்கத்தின் முன்னே நின்று நியாயம் கேட்டார். நியாயம் கிடைக்கவில்லை. 1940ஆம் ஆண்டு யூன் 10ஆந் திகதி இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் கிழக்காபிரிக்கா போர்க்களமாயிற்று. யூலைத் தொடக்கத்தில் இத்தாலியர் சூடான் எல்லையைக் கடந்து கசலா, கல்லாபத் என்னும் இரண்டு இடங்களைக் கைப்பற்றினர்.

கல்லாபத் சூடானுக்குரிய சிறு கோட்டை. அதற்கு எதிரே, வறண்ட ஓடையொன்றுக்கு அப்பால், எதியோப்பிய மண்ணில் அமைந்தது மெதெம்மா. இவ்வெல்லைப்புறம் முன்னரும் குருதி தோய்ந்த இடமே. 1889ஆம் ஆண்டில் எதியோப்பியப் பேரரசர் நான்காம் யொகன்னஸ், சூடானின் மகுதிப் படையை எதிர்த்துப் போரிட்டு உயிர் நீத்தது மெதெம்மாவிலேயே. அரை நூற்றாண்டின் பின்னர், அதே மண்ணில், அந்நாட்டுக்கு எவ்வகையிலும் உறவில்லாத பஞ்சாபியரும் மராட்டியரும் பட்டாணியரும் ஆங்கிலேயரும் இத்தாலியரோடு பொருத வந்து நின்றனர்.

இந்தியாவின் 5ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த 10ஆவது காலாட்படைப் பிரிகேட் 1940ஆம் ஆண்டு நவம்பர் 6ஆந் திகதி கல்லாபத்தைத் தாக்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் பிரிகேடியர் வில்லியம் சிலிம். பின்னாளில் பர்மாப் போர்முனையில் 14ஆவது சேனையை நடத்திப் பெரும் புகழ் எய்தியவர். அந்தப் பிரிகேட்டுடன் சென்ற சப்பர் கம்பனியில் இரண்டாம் லெப்டினன்ற் பகத் இருந்தார். முதல் நாளிலேயே கல்லாபத் வீழ்ந்தது. ஆனால் வெற்றி நிலைக்கவில்லை. யுத்த தாங்கிகள் பல பாறைகளிலும் கண்ணிகளிலும் சிக்கிச் சங்கிலி அறுந்து நின்றுவிட்டன. வானம் இத்தாலிய விமானங்களின் வசமாக இருந்தது. குண்டு வீச்சைத் தாங்க இயலாமற் படை பின்வாங்க நேர்ந்தது.

படை பின்வாங்கினால் சப்பர் கடைசியாக நிற்க வேண்டும் அல்லவா? பகைவர் பின்தொடராதவாறு பாதையை அடைக்கும் வேலை பகத்தின் குழுவுக்கு வந்தது. பழுதடைந்து கைவிடப்பட்ட இரண்டு தாங்கிகளில் வெடிமருந்தை நிறைத்து, பாதையின் குறுக்கே அமைந்த மதகுப் பாலத்தில் நிறுத்தி, அவற்றை வெடிக்க வைத்தனர். ஒன்று வெடித்தது, மற்றொன்று வெடிக்கவில்லை. இத்தாலியர் நெருங்கிக் கொண்டிருந்தனர். வெடிக்காத வெடியை அணுகுவது எத்தகைய ஆபத்து என்பதைச் சப்பரைவிட நன்கு அறிந்தவர் இலர். அறிந்திருந்தும் பகத் மறைவிடத்திலிருந்து எழுந்து, குண்டுகள் பறக்கும் வெளியில் ஓடி, மீதி வெடியையும் வெடிக்கச் செய்து திரும்பினார். மதகு தகர்ந்தது. இச்செயலுக்காக அவருக்கு இராணுவச் சிலுவை வழங்க வேண்டுமென மேலதிகாரிகள் பரிந்துரைத்தனர். அப்பரிந்துரை முழுமையாக ஏற்கப்படவில்லை. அறிக்கையிற் பெயர் குறிப்பிடப்படும் சிறப்போடு அது நின்றுவிட்டது. அதனைப் பற்றி மனம் நோக அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. களத்தில் வேலை காத்திருந்தது.

1941ஆம் ஆண்டு பிறந்தது. சனவரி மாதத்தில் இத்தாலியர் கசலாவைக் கைவிட்டுப் பின்வாங்கினர். ஹைலி செலாசி அம்மாதம் 20ஆந் திகதி சூடான் வழியாகத் தம் நாட்டு மண்ணில் மீண்டும் காலடி வைத்தார். மாத முடிவில் மெதெம்மாவிலிருந்த இத்தாலியப் படையும் இரவோடிரவாகக் கொண்டார் நகரை நோக்கிப் புறப்பட்டது. புறப்படும் படை ஓட்டத்தில் இருந்தாலும் அறிவிழந்த நிலையில் இல்லை. தான் சென்ற பாதையை அது வெறுமையாக விட்டுச் செல்லவில்லை. மண்ணுக்குள்ளே நிலக்கண்ணிகளைப் புதைத்துவிட்டுச் சென்றது.

நிலக்கண்ணி என்ற சொல் இலங்கைத் தமிழ் நேயர்களுக்கு விளக்கம் வேண்டாத சொல். ஆயினும் அதன் நோக்கம் இன்னதென்பதைச் சிறிது கூறுதல் தகும். கண்ணி உயிரைக் கொல்லுகிறது என்பது உண்மை. ஆனால் பின்வாங்கும் படைக்கு அதன் முதற்பயன் கொலையன்று, காலதாமதம். ஒரு வண்டி கண்ணியில் ஏறி வெடித்தால் அதன் பின்னால் வரும் நூறு வண்டிகளும் நிற்கின்றன. அடுத்த மைலில் கண்ணி இருக்குமோ என்ற அச்சத்தினால், கண்ணி இல்லாத இடத்திலும் படை ஊர்ந்து செல்கின்றது. துரத்துவோர் இழக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஓடுவோருக்கு ஆதாயமாகின்றது. அந்த நேரத்தில் அவர்கள் மலைமீது ஏறி, அரண் அமைத்து, பீரங்கிகளை நிறுத்திக்கொள்ளலாம். பின்னர் அந்த அரணைப் பிடிக்க ஆயிரம் உயிர்கள் வேண்டும். ஆகவே கண்ணியை விரைந்து அகற்றுபவன் தனக்குப் பின்னால் வரும் வண்டியை மாத்திரம் காப்பவன் அல்லன். இன்னும் நிகழாத ஒரு போரிலே மடிய இருந்தவர்களையும் காப்பவன்.

அகற்றும் முறையோ விரைவுக்கு முற்றிலும் பகையானது. மண்ணுக்குள் உள்ள உலோகத்தை ஒலியால் உணர்த்தும் மின்கருவி போலந்து நாட்டு அதிகாரி ஒருவரால் பின்னரே ஆக்கப்பெற்று, 1942ஆம் ஆண்டு எல் அலமேன் போரிலேதான் பரவலாகப் பயன்பட்டது. 1941ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சூடான் எல்லையில் நின்ற சப்பருக்கு உற்ற கருவிகள் கண்ணும் கையும் துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியும் மாத்திரமே. புதிதாகக் கிளறிய மண் பழைய மண்ணிலிருந்து நிறம் வேறுபடும். வண்டிச் சுவடு ஓரிடத்தில் காரணமின்றி அழிந்திருக்கும். வாடிய புல் ஒரு சதுரமாகத் தோன்றும். இத்தகைய அறிகுறியைக் கண்டதும் தரையில் படுத்து, கத்தியை நேராகக் குத்தாமற் சாய்வாகச் செலுத்தி, கண்ணியின் தலையைத் தொடாமற் பக்கத்தைத் தொட வேண்டும். பின்னர் விரல்களால் மண்ணை விலக்கி, அடியில் வேறு பொறி இணைந்திருக்கின்றதா என்று பார்த்து, அதன் பின்னரே அதனைச் செயலிழக்கச் செய்யலாம். ஒருமுறை தவறினால் மறுமுறை இல்லை. இத்தொழிலை அமைதியான வேளையில், வேண்டிய நேரம் எடுத்துச் செய்வதே கடினம். பகைவரைத் துரத்தும் வேகத்தில் செய்வது எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சனவரி 31ஆந் திகதி இரவு துரத்தல் தொடங்கியது. அணிவகுப்பின் முன்னணியிற் செல்லும் வண்டிகளுடன் சென்று, பாதையையும் அதன் இரு மருங்கையும் துப்புரவு செய்யும் பொறுப்புப் பகத் தலைமையிலான சப்பர் குழுவிடம் கொடுக்கப்பட்டது. முன்னணி வண்டி என்பது பிரென் என்னும் இயந்திரத் துப்பாக்கியைத் தாங்கிச் செல்லும் சிறு கவச வண்டி. சக்கரத்திற்குப் பதில் சங்கிலியில் ஓடுவது, மேற்புறம் திறந்தது. துப்பாக்கிக் குண்டைப் பக்கவாட்டில் ஓரளவு தடுக்கும். அடியில் வெடிக்கும் கண்ணிக்கு அது பெரிய தடையன்று. அத்தகைய வண்டிகளுள் முதலாவதிற் பகத் ஏறினார். கண்ணி இருக்குமாயின் அதனை முதலிற் காண வேண்டியவர் அவர். காணத் தவறினால் முதலிற் பலியாக வேண்டியவரும் அவரே.

நான்கு நாட்கள், 55 மைல் தூரம், 15 கண்ணிப் புலங்கள். அவ்வளவையும் கண்டுபிடித்தவர் அவர். அகற்றும் வேலையை முன்னின்று நடத்தியவரும் அவர். பொழுது புலர்ந்தது முதல் பொழுது சாயும் வரை வேலை நடந்தது. ஒரு புலத்தை நீக்கி முடித்ததும் வண்டியில் ஏறி அடுத்ததை நோக்கி விரைய வேண்டும். கண் பாதையை விட்டு அகலக் கூடாது. கோடைப் புழுதியும் வெயிலும் வேறு. முதல் நாளில் ஒருவனுக்கு இருக்கும் கூர்மை நான்காம் நாளில் இருப்பதரிது. கண்ணியோ முதல் நாளிலும் நான்காம் நாளிலும் ஒரே கூர்மையுடன் காத்திருக்கின்றது.

இரண்டு முறை அவர் ஏறியிருந்த வண்டி கண்ணியில் அகப்பட்டு வெடித்தது. உடனிருந்தோர் பாதிக்கப்பட்டனர். பகத் எழுந்து, வேறு வண்டியில் ஏறி, வேலையைத் தொடர்ந்தார். மூன்றாம் முறை பகைவர் மறைந்திருந்து மிக அருகிலிருந்து சுட்டனர். அந்நிலையிலும் அவர் தம் வேலையை நிறுத்தவில்லை. வெடியதிர்ச்சியில் அவருடைய காதொன்றின் செவிப்பறை கிழிந்தது. உடல் சோர்ந்தது. இனி வேறொருவர் இப்பொறுப்பை ஏற்கட்டும், நீர் ஓய்வு கொள்ளும் என்று மேலிடத்தார் கூறினர். அவர் மறுத்தார்.

மறுத்ததற்கு அவர் கூறிய காரணமே இவ்வரலாற்றின் உயிர்நிலை. தாம் அஞ்சாதவர் என்று அவர் கூறவில்லை. நாட்டின் மானம் என்றோ அணியின் பெருமை என்றோ பேசவில்லை. பகைவர் எவ்வாறு கண்ணி வைக்கிறார்கள் என்பது தமக்கு இப்போது பழகிவிட்டது. புதிதாக வருபவரைவிடத் தாமே இவ்வேலைக்குத் தகுதியுடையவர். ஆதலால் முடிவு வரை தாமே செய்வதுதான் முறை என்றார். அவ்வளவே. கண்ணி வைப்பவனுக்கும் ஒரு வழக்கம் உண்டு. பாலத்தின் வாயிலிலா, வளைவின் பின்னாலா, தடை கண்டு வண்டி விலகிச் செல்லும் பக்கத்திலா, எங்கே அவன் புதைப்பான் என்பதை அவன் புதைத்த பத்தைக் கண்டவனே பதினோராவதில் ஊகிக்க முடியும். புதியவர் ஒருவர் அந்தப் பாடத்தை முதலிலிருந்து கற்க வேண்டும்; கற்கும் கட்டணம் உயிராக இருக்கும். அறிந்தவன் விலகினால் அறியாதவன் சாவான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பின்னரே அவர் மீண்டும் முதல் வண்டியில் ஏறினார். அறிவு பொறுப்பைத் தருகின்றது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு வரலாற்றில் அரிது.

ஒரு கணத்தில் எழும் வீரம் ஒன்று. நாட்கணக்கில் நின்று தாங்கும் வீரம் மற்றொன்று. குருதி கொதிக்கும் வேளையில் பீரங்கி முன் பாய்ந்தவர் பலர். அவர்களைப் போற்றாதவர் எவருமிலர். ஆனால் வெடித்த வண்டியிலிருந்து இறங்கி, கை நடுக்கம் அடங்கும்வரை பொறுத்து, அடுத்த கண்ணியை விரலால் தடவித் தேடுவதற்குக் கொதிப்பு உதவாது. குளிர்ந்த சித்தமே உதவும். கல்லாபத்தில் மதகைத் தகர்க்க ஓடியபோது பகத்திடம் விளங்கியது முதல்வகை வீரம். மெதெம்மாப் பாதையில் விளங்கியது இரண்டாம் வகை. முன்னதற்குப் பரிந்துரைத்த விருது குறைக்கப்பட்டது. பின்னதற்கு மிக உயர்ந்ததே வழங்கப்பட்டது. 1941ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவருக்கு விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது. இரண்டாவது உலக மகாயுத்தத்தில் இந்தியர் ஒருவர் பெற்ற முதலாவது விக்டோரியா சிலுவை அதுவே. இந்திய அதிகாரி தலைவராதல் கூடுமோ என்ற ஐயத்திற்கு விடை கிடைத்துவிட்டது.

எனினும் அந்த வெற்றியில் ஒரு முரண்பாடும் இருந்தது. எதியோப்பியர் இழந்த சுதந்திரத்தை மீட்கும் போரிலே இந்திய வீரர் உயிரைக் கொடுத்தனர். 1941ஆம் ஆண்டு மே மாதம் 5ஆந் திகதி ஹைலி செலாசி தம் தலைநகராகிய அடிஸ் அபாபாவினுள் மீண்டும் நுழைந்தார். இத்தாலியரின் கடைசி அரணாகிய கொண்டார் அவ்வாண்டு நவம்பர் மாதத்திற் சரணடைந்தது. அப்பொழுது இந்தியாவோ அடிமை நாடு. காந்தியடிகள் தொடங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றோர் பலர். ஒரு நாட்டின் விடுதலைக்குப் பாதை திறந்தவரின் சொந்த நாட்டுக்கு விடுதலைப் பாதை அடைபட்டே கிடந்தது. அந்நாட்டு இளைஞர் சிலர் சிறையிலும் சிலர் போர்முனையிலும் இருந்தனர். இரு சாராரும் நாட்டுக்கு உழைத்தவரே என்பதை 1947ஆம் ஆண்டின் பின்னர் வந்த காலம் உணர்த்தியது.

மற்றொரு குறையும் உண்டு. வெடித்த வண்டிகளில் பகத்துடன் இருந்தோர் யாவர்? பாராட்டுரை அவர்களைப் பாதிக்கப்பட்டோர் என்ற அளவிலேயே சுட்டுகின்றது. அவர் கண்டு காட்டிய இடங்களில் மண்டியிட்டு மண் விலக்கிய பம்பாய்ச் சப்பர்களுடைய பெயர்கள் புகழேட்டில் ஏறவில்லை. ஒருவர் மார்பில் அணிந்த பதக்கம் பலர் கைகளின் உழைப்புக்கும் உரியது.

தமிழருக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. சென்னைச் சப்பர்களும் கிழக்காபிரிக்காவில் பணியாற்றினர். அங்கிருந்து வடவாபிரிக்கா, இத்தாலி ஆகிய முனைகளுக்கும் சென்றனர். காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூரிலே பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் அவர்களுள் ஒருவர். 1944ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆந் திகதி, இத்தாலியில் மிக்னானோ என்னும் இடத்தில், அவர் தலைமையில் ஒரு குழு கண்ணி தேடிக்கொண்டிருந்தது. குழுவினர் ஒருவரின் காலடியில் கண்ணி ஒன்று இயங்கத் தொடங்கியது. வெடிப்பதற்குள் கிடைத்தவை சில நொடிகளே. சுப்பிரமணியன் அதன்மீது தம் உடலைக் கிடத்தினார். அவர் மாண்டார், உடனிருந்தோர் பிழைத்தனர். ஜோர்ஜ் சிலுவை என்னும் விருது அவர் மறைவுக்குப் பின்னர் வழங்கப்பட்டது. பகத்தின் 96 மணி நேரமும் சுப்பிரமணியனின் சில நொடிகளும் ஒரே தொழிலின் இரு எல்லைகள். ஒருவருடைய அறிவு பிறரைக் காத்தது; அறிவு செயற்பட நேரமில்லாதபோது மற்றவருடைய உடல் காத்தது.

சுதந்திர இந்தியாவிலும் அந்த மரபு தொடர்ந்தது. 1948ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில், காசுமீரத்து நௌசேராவிலிருந்து இரசௌரி செல்லும் பாதையில், அதே பம்பாய் அணியைச் சேர்ந்த ராமா ராகோபா ராணே என்னும் இளம் அதிகாரி, தாமே காயமுற்றிருந்தும், 8ஆந் திகதி முதல் 11ஆந் திகதி வரை கண்ணிகளையும் தடைகளையும் நீக்கித் தாங்கிகளுக்கு வழி அமைத்தார். அவரும் நான்கு நாட்களே உழைத்தார் என்பது கருதத்தக்கது. பரம வீர சக்கரம் அவருக்குக் கிடைத்தது.

பகத்தின் பிற்கால வாழ்வும் பயனுடையதாகவே கழிந்தது. தாம் பயின்ற இராணுவ அகாதமிக்கே அவர் தலைவரானார். 1962ஆம் ஆண்டில் சீனாவுடன் நேர்ந்த போரிலே இந்தியா தோல்வியுற்றபோது, தோல்விக்குரிய காரணங்களை ஆராய நியமிக்கப்பட்ட இருவருள் அவர் ஒருவர். மற்றவர் ஹென்டர்சன் புரூக்ஸ். புதைந்து கிடக்கும் ஆபத்தைக் கண்டு சொல்லும் பழைய வேலையே வேறு வடிவில் அவரிடம் வந்தது எனலாம். அவ்வறிக்கை 1963ஆம் ஆண்டில் அளிக்கப்பட்டு, நெடுங்காலம் மக்கள் பார்வைக்கு வராமல் இருந்தது. பின்னர் லெப்டினன்ற் ஜெனரல் பதவிக்கு உயர்ந்து, படைத் தலைமையகங்கள் இரண்டை நடத்தினார். 1971ஆம் ஆண்டுப் போருக்குப் பின்னர், சிம்லா உடன்படிக்கையின்படி காசுமீரத்திற் கட்டுப்பாட்டுக் கோட்டை வரைவதற்காக இந்தியா சார்பில் சுசேத்கட்டில் அமர்ந்து பேசியவரும் அவரே. பாக்கித்தான் தளபதியுடன் பலமுறை பேசி, வரைபடங்களில் 1972ஆம் ஆண்டு திசெம்பர் 11ஆந் திகதி ஒப்பமிட்டார். ஓய்வுபெற்ற பின் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தின் தலைவராகி, அணையும் மின்சாரமும் சார்ந்த பொறியியற் பணிக்கே திரும்பினார்.

அவருடைய முடிவு எதிர்பாராதது. 1975ஆம் ஆண்டு மே மாதத்தில் கல்கத்தாவில், பெனிசிலின் மருந்து உடலுக்கு ஒவ்வாமையால் அவர் உயிர் நீத்தார். வயது 56. இரண்டு கண்ணிகள் கொல்லாத உடலை ஓர் ஊசி மருந்து கொன்றது.

நிலக்கண்ணி, அதனைப் புதைத்த படை கலைந்த பின்னரும் வாழ்கின்றது. 1941ஆம் ஆண்டில் பகத் அகற்றியவை மண்ணில் வைத்துச் சில நாட்களே ஆனவை. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் 2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்த பின்னர் அகற்றப்பட்டவையோ பல ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் கிடந்து, அப்போதும் கொல்லும் வலிமை இழவாதவை. அந்த வயல்களிலும் பனங்காணிகளிலும் முகக்கவசம் அணிந்து, முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணை வருடிய ஆண்களும் பெண்களும் போர்வீரர் அல்லர். ஆயினும் அவர்கள் செய்தது அதே தொழில். அவர்களுக்கு வேண்டியிருந்ததும் அதே குளிர்ந்த சித்தம். அவர்கள் பின்னால் விரைந்து வரும் படை எதுவும் இல்லை. தன் காணிக்குத் திரும்பக் காத்திருந்த உழவனும், பள்ளிக்குச் செல்லும் குழந்தையுமே அவர்கள் பின்னால் நின்றனர். நிலக்கண்ணிகளைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 2017ஆம் ஆண்டு இணைந்தது.

மெதெம்மாவிலிருந்து சென்ற அந்தப் பாதையில் 55 மைல் தூரம் ஓர் இளைஞர் முதல் வண்டியில் அமர்ந்து சென்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஆபத்தின்றி வந்தார்கள். ஆபத்தின்றி வந்தமையால் அவர்களுள் பலர் அங்கே ஆபத்து இருந்தது என்பதையே உணர்ந்திருக்க மாட்டார்கள். பாதை திறப்போர் பெறும் பயன் பெரும்பாலும் இத்தகையதே. அவர்கள் வேலையைச் செவ்வனே முடித்தால் அங்கே எதுவும் நிகழ்வதில்லை. எதுவும் நிகழாத இடத்தை வரலாறு எழுதுவதில்லை. எழுதிய ஓரிடத்தை ஊன்றிப் படித்து, எழுதாத மற்ற இடங்களையும் எண்ணிப் பார்ப்பதே அவர்களுக்குச் செய்யும் நன்றியாகும்.